முதல் தீவில் நிற்கும் தவளை

மதியம் மூன்றரைக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுப் பூட்டைத் திறந்து டி.வி.யைப் போட்டால், தவளை வேறு இடத்தில் நிற்கும். நேற்று நான் விட்டது பாலத்துக்கு இந்தப் பக்கம். இன்று அது மூன்று தீவு தாண்டிக் கோபுரத்தின் மேல் குடையை விரித்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஆள் இருக்காது. மனைவி மாரீஸ்வரி செகண்ட் ஷிஃப்டுக்குப் போயிருப்பாள். அடுத்த வாரம் அவள் காலை, நான் மதியம். ஓசூரில் எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடக்கிறது. ஊரிலிருந்து படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இரண்டு பேரும் ஷிஃப்டுக்குப் போகும் வீட்டில் யாருக்கும் வராது.

அது குழந்தைகள் விளையாடும் வீடியோ கேம். குடை வைத்த தவளை ஒன்று, வானத்தில் மிதக்கும் தீவுகளில் தாவித் தாவி மின்மினி சேர்க்கும். போதுமான அளவு சேர்ந்தால் கதவு திறக்கும். எங்கள் மகள் கனிக்காக வாங்கியது. அவள் சாத்தூரில் மாமனார் வீட்டில் வளர்கிறாள். லீவுக்கு வந்தபோது பத்து நாள் ஆடிவிட்டுப் போனாள். பெட்டியை மூடிவைக்க மனம் வராமல் நாங்கள் இருவரும் மாறி மாறித் தொடர்ந்தோம். தினமும் வீடியோ காலில் அவளுடைய முதல் கேள்வியே தவளை எங்கே நிற்கிறது என்பதுதான்.

கீழ்வீட்டு ஓனரம்மா புருஷனிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவார். முட்டிவலி, மாடி ஏற மாட்டார். ஒருநாள் என்னை நிறுத்தி, "பாப்பாவ மறுபடி கூட்டினு வந்துட்டீங்களா? மேல ஒரே பாட்டு சத்தமா இருக்குதே" என்றார். கழுதை வயசில் இரண்டு பேர் தவளையைத் தாவவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு ஏறிவிட்டேன்.

ஜூனில் கனி ஒன்றாம் வகுப்பு. அவளை இங்கே கூட்டிவந்தால் எங்களில் ஒருவர் வேலையை விட வேண்டும். இல்லையென்றால் நாங்கள் ஊருக்குப் போய், மச்சான் பிரஸ்ஸில் சேர வேண்டும். மாரீஸ்வரிக்கு ஊர்தான். எனக்கு எதுவும் நிலைகொள்ளவில்லை. ஓசூரில் இருந்தால் குளிரைத் திட்டுகிறேன். சாத்தூர் போய் இரண்டு நாள் வேர்த்தால் இந்தக் குளிரைத் தேடுகிறேன். பேச்செடுத்தாலே சண்டையில் முடிந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு வழி சொன்னாள்: கேமில் கடைசிக் கதவு திறக்கிற அன்றைக்கு நான் பதில் சொல்லிவிட வேண்டும். விளையாட்டாகத்தான் சொன்னாள். இருவருமே மறக்கவில்லை.

போன புதன்கிழமை தவளை கடைசிக் கதவின் முன்னால் நின்றது. பன்னிரண்டு மின்மினிதான் பாக்கி. அரை மணி நேரம் ஆடியும் எனக்கு ஒன்றுகூடச் சிக்கவில்லை. அசதியோடு முடித்தேன். எங்கள் லைனில் ஷிஃப்ட் முடியும்போது, எத்தனை பீஸ் ஓடியது என்று எண்ணும் மெஷின் கவுண்டரை ஜீரோவாக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவன் சண்டைக்கு வருவான். ஒன்பது வருஷப் பழக்கம். நிச்சயமா என்று மெஷின் கேட்கும்; படிக்காமலே ஆம் அழுத்துவோம். அன்றைக்குக் கேமிலும் கை தானாக ரீசெட்டுக்குப் போனது; நிச்சயமா என்று டி.வி.யும் கேட்டது. அழுத்திவிட்டேன். நிமிர்ந்து பார்க்கும்போது தவளை முதல் தீவில் நின்றது, மின்மினி ஜீரோ.

மறுநாள் காலை என் டீ டைமில் மாரீஸ்வரி வீட்டிலிருந்து போன் செய்தாள். "வேணும்னுதான அழிச்சீக? கதவு தெறந்தா பதில் சொல்லணுமேன்னு?"

கவுண்டர் விஷயத்தைச் சொன்னேன். அவளும் லைனில் நிற்பவள்; நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். "லைன்ல ஜீரோ போட்டா அடுத்த ஆளு வந்து நிக்கும். இங்க யாரு வருவா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். வேண்டுமென்று அழிக்கவில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்கே அது சந்தேகமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் கனியிடம், அப்பா தெரியாமல் அழித்துவிட்டேன் என்றேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் யோசித்துவிட்டு, "பரவால்லப்பா. நான் வர்ற வரைக்கும் அது அங்கனயே நிக்கட்டும். நீங்க தொடாதீக" என்றாள்.

அதிலிருந்து நாங்கள் தொடவில்லை. சனிக்கிழமை மதியம் ஓனரம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "என்ன சார், பாட்டு சத்தமே காணோம். பாப்பா ஊருக்குப் போயிட்ச்சா?"

"ஆமாம்மா. ஜூன்ல வந்துருவா. இனி இங்கதான் ஸ்கூலு."

"ரெண்டு பேரும் ஷிஃப்டு போறீங்களே, யாரு பாத்துக்குவாங்க?"

"நான் இருப்பேன்" என்றேன்.

படியேறும்போதுதான் உறைத்தது. மாரீஸ்வரிக்கு இத்தனை மாதமாகச் சொல்லாத பதிலை, அதுவும் ஊருக்குப் போவதில்லை என்கிற, அவளுக்குப் பிடிக்காத பாதியோடு, ஓனரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே வந்து டி.வி.யைப் போட்டேன். விட்ட இடத்திலேயே தவளை நின்றது. குடையை விரித்தது, மடக்கியது, ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் பார்த்தது. மாரீஸ்வரி வர இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.