டீ ஊற்றிப் பார்த்த தோல் குவளை

"வேலை எங்கயும் போகலம்மா, எடம்தான் மாறுது" என்றார் சூப்பர்வைசர் அரிகிருஷ்ணன்.

பல்லாவரத்து ஷூ கம்பெனியில் கைத்தையல் பிரிவை மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். ஷூவின் முன்பக்கம், விரல்களுக்கு மேலே வளைந்து ஓடும் தடித்த தையல் உள்ள மாடல்கள் இனி கிடையாது. அந்தத் தையலைப் போட்டுக்கொண்டிருந்த பதினோரு பெண்களும் ஒட்டும் பிரிவுக்குப் போகலாம். மூன்று வாரம் கழித்து வரும் வியாழக்கிழமைக்குள் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பத்துப் பெண்களுக்கு அது நிம்மதியான சேதி. சாஹிராவுக்கு இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆள் குறைந்தபோது அவளை இரண்டு வாரம் அங்கே உட்கார வைத்தார்கள். சொல்யூஷன் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பசையின் நெடி பத்தாம் நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து அவள் பையில் சாப்பாட்டு டப்பாவோடு இன்ஹேலரும் போய் வருகிறது. அந்தப் பிரிவின் கதவைத் தாண்டும்போதுகூட முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் போவாள்.

"சார், எனக்கு அங்க ஒத்துக்காது. உங்களுக்கே தெரியும்."

"ஃபேன் போட்டுக் குடுக்கறேன்" என்றார் அவர். நல்ல மனிதர்தான். அவரிடம் இருந்தது ஃபேன் மட்டும்.

பம்மலில் அவள் வீட்டுக்கு ஜாய்சன் வந்தது அந்த வாரத்தில்தான். முன்பு அதே கம்பெனியில் இருந்தவன், சிட்லபாக்கத்துக்காரன். இப்போது தனியாக வெளிநாட்டுக்காரர்களுக்குத் தோல் சாமான்கள் செய்து அனுப்புகிறான். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். கறுத்த, வாய் அகன்ற, கைப்பிடி வைத்த ஒரு குவளை.

"இரும்பா?"

"முழுக்கத் தோல்ல செஞ்ச மக் அக்கா. உள்ள தேன்மெழுகு. அந்த ஊர்ல அந்தக் காலத்துல இதுலதான் குடிப்பாங்களாம். இப்ப பழைய காலத்து டிரெஸ் போட்டுக்கிட்டு ஃபெஸ்டிவல் நடத்துறாங்க, அதுக்குக் கேக்கறாங்க. முதல்ல ஒரு சாம்பிள். ஓகே ஆனா அறுபது பீஸ். மெஷின் தையல் ஆகாதாம், கையாலதான் தைக்கணுமாம். நீங்க வீட்லயே உக்காந்து பண்ணலாம்."

அவன் சொன்னதில் 'வீட்லயே' என்ற சொல் மட்டும் அவள் காதில் தங்கியது.

"இதுல இன்னா குடிப்பாங்க?"

சாயங்காலத் தொழுகை முடிந்து, தலையைச் சுற்றிய வெள்ளைத் துணியைக்கூட அவள் இன்னும் எடுக்கவில்லை. சுவரில் காபா படம். ஜாய்சனின் அம்மா சரோஜினி டீச்சர் முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். அதில் உண்மையாகக் குடிப்பதன் பெயர் அவன் வீட்டிலேயே புழங்காது. இங்கே அவனுக்கு நாக்கு எழவில்லை.

"எல்லாம்தான் அக்கா. டீ, காபி..." என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சூப்பு."

ஷூத் தோல் இதற்கு ஆகாது என்று சாஹிராவுக்குத் தெரியும். அது ரசாயனத்தில் பதனிட்டது. ஈரமானால் துவளும், காய்ந்தால் மறுபடி பழைய வடிவத்துக்குப் போகும். வாய் வைத்துக் குடிக்கிற பொருளுக்கு வேண்டவும் வேண்டாம். லீவு போட்டுவிட்டுப் பெரியமேட்டுக்குப் போய், மரப்பட்டையில் பதனிட்ட எருமைத் தோல் வாங்கி வந்தாள். நனைத்து எந்த வடிவத்தில் காய வைத்தாலும் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும் தோல் அது.

வெட்டினாள். குத்தூசியால் ஓட்டை போட்டு, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும்படி தைத்தாள். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்கம் விடாது. நனைத்து, உள்ளே சலித்த மணலைக் குத்திக் குத்தி அடைத்தாள். தொப்பை வைத்த ஆள் மாதிரி குவளை எழுந்து நின்றது. இரண்டு நாள் நிழலில் காய வைத்து மணலைக் கொட்டினாள். மொட்டைமாடி வெயிலில் சூடேற்றி, உருக்கிய தேன்மெழுகை உள்ளே ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் நிரப்பிக் காகிதத்தின் மேல் வைத்தாள். மறுநாள் வரை காகிதத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"மச்சான், வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். சௌகத் அலி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டும் குழாயும் விற்பவன். மற்ற நாட்களில் அந்தப் பூட்டுகளுக்குச் சாவி தேடிக்கொண்டிருப்பான். அடுப்பிலிருந்து இறக்கிய டீயை அவள் குவளையில் ஊற்றி நீட்டினாள்.

அவன் ஒரு வாய் குடித்தான். மீசையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது.

"இன்னாது இது, டீ மேல நெய் ஊத்திக் குடுத்துக்கீற?"

மெழுகு பிரிந்து பாலாடை மாதிரி மிதந்தது. குவளையின் அடி மெதுவாகத் தொங்கிக்கொண்டே வந்து, அவன் கையில் பசு மடி மாதிரி நின்றது.

"ருசி எப்டி?"

"செருப்புக் கடையில உக்காந்து டீ குடிச்ச மாரி கீது."

அந்தக் குவளையோடு நான்கு நாள் போயிற்று. இரண்டாவதில் மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருக்கினாள். கொஞ்சம் தாங்கியது; ஆனால் டீ கசந்து சாம்பிராணி வாடை அடித்தது. சௌகத் அலி ஒரு மிடறுக்கு மேல் குடிக்க மறுத்துவிட்டான். பெயின்ட் கடைக்காரர் வார்னிஷ் பூசச் சொன்னார். "வாய் வெச்சுக் குடிக்கறது" என்றாள். "அப்ப எவர்சில்வர் வாங்கிக்க" என்றார் அவர்.

கம்பெனி முடிந்து வந்து தைப்பாள். மூன்றாவதை ரொம்ப யோசித்துச் செய்தாள். அடிப்பாகத்துக்கு இரண்டு தோலை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, தையலை நெருக்கி, மெழுகை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தடவையாகத் தோலுக்குள் குடிக்க விட்டாள். மூன்று நாள் தண்ணீர் நின்றது. கீழே போட்டாள், நசுங்கவில்லை. சௌகத் அலி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கதவு மாரி கீது" என்றான். அவன் வாயில் அது பெரிய பாராட்டு.

டீயை ஆற வைத்து ஊற்றினால் தாங்கியது. சுடச்சுட ஊற்றினால் ஓரத்தில் மெழுகு பளபளத்து இளகியது. ஆறிய டீயை யார் குடிப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை சாம்பிள் போக வேண்டும். திங்கள் சாயங்காலம் அவள் ஜாய்சனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, என்னால முடியல. சுடு டீ ஊத்துனா மெழுகு எளகுது. இன்னா இன்னாவோ பண்ணிப் பாத்துட்டேன். நீ வேற ஆளப் பாரு."

மறுமுனையில் பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது.

"கேக்குதா?"

"வரேன் அக்கா" என்று வைத்துவிட்டான்.

அரை மணியில் வந்து நின்றான். மூன்றாவது குவளையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கீழே வைத்தான்.

"அக்கா, இதுல டீ ஊத்தமாட்டாங்க."

"சூப்பா?"

"சூப்பும் இல்ல." தரையைப் பார்த்தான். "பீர். ஜில்லுன்னுதான் குடிப்பாங்க. உங்க வீட்ல வெச்சு எப்படிச் சொல்றதுன்னு..."

உள்ளே பூட்டு ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த சௌகத் அலி கையை நிறுத்தினான்.

சாஹிராவுக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் பீருக்காக இல்லை. "பத்து நாளா அடுப்புக்கும் இதுக்கும் நடுவுல மல்லுக்கட்டினு கீறேன். இவரு கசப்பு டீயாக் குடிச்சு வயித்தக் கெடுத்துகினாரு. மொத நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே முடிச்சுக் குடுத்திருப்பேன், இல்ல அன்னிக்கே முடியாதுன்னிருப்பேன். ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கும்."

"மரியாதைக்காகத்தான் அக்கா..."

"உன் மரியாதையில என் குங்கிலியம் அரை கிலோ போச்சு."

சௌகத் அலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து ஜாய்சனும் சிரிக்கப் போனான். சாஹிரா சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டான்.

"சில பேர் சும்மா அலமாரியில அழகுக்கு வெப்பாங்க அக்கா. தண்ணி குடிக்கவும்..."

"இதுவும் நான் வருத்தப்படக் கூடாதுன்னு சொல்றியா, இல்ல நெஜமா?"

அவன் செல்போனை எடுத்தான். கேட்டு வாங்கி அந்த வெளிநாட்டுக்காரர்களின் படங்களை அவளே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தாடி வைத்த ஆட்கள், இடுப்பில் கயிறு, கையில் நுரை வழியும் குவளைகள். ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"இந்த அடித்தையலப் பாரு. ஒரு நூல்தான் ஓட்டிக்கீறான். ஒழுகும்."

"அதனாலதான் அக்கா நம்மகிட்ட வராங்க."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.  கையெழுத்துப் போட வேண்டிய வியாழக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்தான். ஒட்டும் பிரிவின் நெடி இங்கேயே வந்துவிட்ட மாதிரி அவளுக்கு நெஞ்சு இறுகியது.

"தெரியாம செஞ்சதுக்குக் குத்தம் இல்ல சாஹிரா" என்றான் சௌகத் அலி. அவள் மூச்சைக் கவனித்துத்தான் அதைச் சொன்னான்.

"ஒண்ணு தெரியாம செஞ்சேன். அறுபதும் தெரியாம செய்வேனா மச்சான்?"

"இத்தினி வருஷம் ஷூ தெச்ச. அதப் போட்டுகினு எங்கெங்க போனானுங்களோ."

"எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. ஷூ மசூதி வாசல்லயும் கெடக்கும், பார்லயும் கெடக்கும். இது ஒரே எடத்துக்குத்தான் போவும்." தன் குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்து தணித்துக்கொண்டாள். "செய்யறவங்களத் தப்புன்னு சொல்லல. எனக்குக் கை வராது."

ஜாய்சன் எழுந்திருக்கப் போனான். அவள் விடவில்லை.

"உக்காரு. அந்தக் கடைசிப் படத்துல ஒருத்தன் தோள்ல ஒண்ணு மாட்டிக்கீறானே, அது இன்னா?"

அவன் தேடி எடுத்தான். தட்டையாக, வாய் குறுகி, தோள்பட்டை வார் கோத்த ஒரு தோல் புட்டி.

"தண்ணி பாட்டில் அக்கா. நடக்கறப்ப எடுத்துக்கிட்டுப் போறது."

"தண்ணியா?"

"சத்தியமா தண்ணி" என்று அவன் நெஞ்சில் கை வைத்தான். அப்புறம் அவனே சேர்த்துக்கொண்டான். "அவங்க வேற எதாவது ஊத்தினா அது எனக்குத் தெரியாது."

"அது எனக்கும் தெரிய வேணாம். இந்த மக்க அனுப்பு. கூடவே எழுது: தையலும் மெழுகும் பாக்கறதுக்கு இது. இந்தப் பொம்பள மக் செய்யமாட்டா, தண்ணி பாட்டில் செய்வா. வேணுமான்னு கேளு."

"மக்க அனுப்பிட்டு மக் செய்யமாட்டோம்னு எப்படிக்கா எழுதறது?"

"இப்ப நான் சொன்ன மாரியே எழுது. சூப்புன்னு எதுவும் சேக்காத."

அவள் எதிரிலேயே எழுதினான், படங்களும் சேர்த்து அனுப்பினான். புதன்கிழமை காலை, அவள் கம்பெனி வாசலில் நுழையும்போது அவன் போன் வந்தது. படத்தில் தையல் பிடித்துப் போயிற்றாம். குவளைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்களாம். பாட்டில் இரண்டு செய்து காட்டட்டும். ஒழுகாமல் இருந்தால் நாற்பது.

"ஒழுகுனா?"

"ஒழுகுனா இல்லக்கா." இந்த முறை அவன் எதையும் பூசி மெழுகவில்லை.

அன்று சாயங்காலம் சௌகத் அலியிடம் சொன்னாள். அவன் வெகுநேரம் ஒரு பூட்டைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"நாப்பதுன்னா சரி. ரெண்ட நம்பி யாராவது வேலைய வுடுவாங்களா? பேஜாராப்பூடும் சாஹிரா."

"அந்தப் பசைகிட்ட உக்காந்தா அதவிடப் பேஜாரு."

அவன் பூட்டை வைத்தான். "சந்தையில வெள்ளிக்கிழம பக்கத்துல எடம் கீது. பாட்டில் ஓடலன்னா என்கூட வந்து குந்து" என்றான். 

வியாழக்கிழமை அரிகிருஷ்ணன் மேஜையில் காகிதம் விரித்திருந்தது. பத்துக் கையெழுத்துகள். பதினோராவது வரி காலி. பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வேணாம் சார்."

"வேற எங்கயாவது சேந்துட்டியா?"

"இல்ல சார். ரெண்டு பாட்டில் செஞ்சு காட்டணும்."

"பாட்டிலா?"

"தோல்ல. தண்ணி ஊத்த."

அவருக்கு எதுவும் பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இருபத்திரண்டு வருஷம்மா. நல்லா யோசிச்சியா? அப்புறம் வந்து கேட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"கேக்கமாட்டேன் சார். கேட்டாலும் நெஞ்சு வுடாது."

அவர் பேனாவை மூடினார். இத்தனை வருஷம் கையில் இருந்த குத்தூசியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கம்பெனிச் சாமான்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எடுத்துக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பாட்டிலின் வாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். குவளையின் வாய் கை நுழையும் அகலம். இதில் இரண்டு விரல்கூடப் போகாது. மணலை எப்படி அடைப்பது, அடைத்ததை எப்படி வெளியே எடுப்பது? பம்மல் மெயின் ரோட்டில் இறங்கிப் பாத்திரக் கடைக்குள் போனாள். கடைக்கார எல்லம்மா அளவு வாரியாகப் புனல்களை எடுத்துப் போட்டாள்.

"இன்னும் சின்ன மூக்கு வேணும்" என்றாள் சாஹிரா.

"எண்ணெய்க்கா? இதுவே போதும்."

"எண்ணெய்க்கு இல்ல. மணலுக்கு."

எல்லம்மா அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, மேல் தட்டில் தேட ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.