பன்னிரண்டு ஓட்டை சாக்கெட்

என் கடை மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு பழைய சாக்கெட்டை வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலத்துக்கு வட்ட முகம், அதில் பன்னிரண்டு ஓட்டை. ஸ்பிரிங் வைத்த மூடியை விரலால் தூக்கிவிட்டால் டப்பென்று தானாக மூடிக்கொள்ளும். மேலே பூசிய ராணுவப் பச்சை உதிர்ந்த இடங்களில் உள்ளே இன்னொரு பச்சை தெரியும். பின்பக்கம் நான்கு ஒயர்கள், ஒரு சாண் நீளத்தில் வெட்டப்பட்டுத் தொங்கும். போன வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். பழைய வண்டிகளை வாங்கிச் சீர்செய்து மணிமங்கலத்துப் பக்கம் தன் தோட்டத்தில் நிறுத்தி அழகு பார்ப்பவர். சாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அந்த ரெக்கவரி வண்டியோடதுதானே? எனக்குக் கொடுத்துடுங்க" என்றார். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். மனிதர் முகம் சுருங்கிப் போனது. காரணத்தைச் சொல்வதென்றால் ஹவில்தாரிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவு நேரம் அவருக்கு இல்லை.

ஹவில்தார் என்றால் இந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ராணுவத்தில் பழுதான வண்டிகளை இழுத்து வரும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு, நாற்பது வயது முடிவதற்குள் ஊர் திரும்பியவர். கூடவே ஏலத்தில் ஒரு பழைய ரெக்கவரி வண்டியையும் எடுத்து வந்துவிட்டார். கல்யாணத்துக்குக் கூட அதில்தான் போவார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். வடக்குப்பட்டுக்குத் திரும்பும் இடத்தில் அவருடைய யார்டு. ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்ஸோ கன்டெய்னர் லாரியோ படுத்துக்கொண்டால் முதல் போன் அவருக்குத்தான் வரும். எதையும் இரண்டு முறை கேட்பார், மூன்றாவது முறை தானே போய்ப் பார்ப்பார். இந்தக் குணம் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்களுக்கு ஒயர் கட்டுகளைத் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன், கடைசி ஐந்து வருஷம் செக்கிங் லைன் சூப்பர்வைசர். ஒயர் விஷயத்தில் என்னை அசைக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். லைனை வேறு ஊருக்கு மாற்றியபோது கூடப் போக மனமில்லாமல், ரோட்டோரம் ஷட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஆட்டோ எலெக்ட்ரிக் கடை போட்டேன். பொம்பளை போட்ட கடை என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆறு மாதத்தில் வண்டியோடு வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஹவில்தாரும் ஒருவர். என்னை அவர் கூப்பிட்டது கடைசிவரைக்கும் "சூப்பர்வைசரம்மா" என்றுதான். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால் சண்டையும் சரிசமமாக நடக்கும்.

அந்த வண்டியின் ஒயரிங்கை முதன்முதலாகத் திறந்தபோது எனக்குத் தலை சுற்றியது. எங்கள் கம்பெனியில் எதற்கும் கலர் உண்டு. பச்சையில் மஞ்சள் கோடு, நீலத்தில் சிவப்புக் கோடு என்று கண்ணை மூடினாலும் வரிசையாக நிற்கும். இதிலோ எல்லா ஒயரும் ஒரே கறுப்பு. நூல் சுற்றிய கறுப்பு ஒயர், ஒவ்வொன்றின் நுனியிலும் எண் குத்திய சின்னத் தகரப் பட்டை. பாதிப் பட்டைகள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. பின்பக்க பம்பரில் இருந்ததுதான் இந்தப் பன்னிரண்டு ஓட்டை சாக்கெட். இழுத்து வரும் வண்டியின் வாலில் ஒரு விளக்குப் பலகையைக் கட்டி, அதன் கேபிளை இதில் செருகினால், முன்னால் ஹவில்தார் போடும் சிக்னல் கடைசியில் எரியும். அவருக்கு வேண்டியது நான்கு ஒயர் மட்டும்: எர்த், பின் விளக்கு, இடது, வலது. பழைய ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கலர் ஒயர் போட்டேன். மூடியின் உட்புறம் எந்த ஓட்டை எதற்கு என்று படம் செதுக்கியிருந்தது, அதைப் பார்த்து நான்கையும் முடுக்கினேன். அரை நாளில் சுத்தமாக முடிந்த வேலை.

டெஸ்ட் செய்யும்போது விளக்குப் பலகை தரையில் கிடந்தது. நான் பின்னால் நின்றேன், அவர் கேபினில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார்.

"லெஃப்ட்டு!"

"ஓகே!"

"ரைட்டு!"

"ஓகே!"

ஜன்னல் வழியாகத் தலை வெளியே வந்தது. "ஓகேன்னா இன்னாம்மா? எது எரியுது?"

"எரியுதுன்னுதானே சொல்லிக்கினு இருக்கேன். கற்பூரம் ஏத்திக் காட்டணுமா?"

"பாத்தேன்னு சொல்லாத. பாத்தத சொல்லு."

நான் பதில் சொல்வதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது, ஏதோ லாரி வழியில் நின்றுவிட்டதாம். "சரி, சூப்பர்வைசரம்மா சொன்னா கரெக்டாதான் இருக்கும்" என்று கிளம்பிவிட்டார். கம்பெனியில் செக்கிங் போர்டில் பச்சை விளக்கு எரிந்தால் ஓகே, எரியாவிட்டால் ரிஜக்ட். பன்னிரண்டு வருஷமாக என் வாய்க்குத் தெரிந்தவை அந்த இரண்டு சொற்கள்தான். எரிகிறதா என்று பார்த்தேன். எது எரிகிறது என்று பார்க்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, மார்கழிப் பனி விலகாத காலை ஷிஃப்ட் நேரத்தில் அது நடந்தது. பழுதான கம்பெனி பஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்த ஹவில்தார், வடக்குப்பட்டுத் திருப்பத்தில் இடப்பக்கம் ஒதுங்க சிக்னல் போட்டார். பின்னால் பைக்கில் வந்த பையன், பஸ் வலப்பக்கம் போகிறது என்று நினைத்து இடப்பக்கமாக முன்னேறினான். பஸ்ஸின் வால் அவனைத் தள்ளிவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவன். தோள்பட்டை எலும்பு உடைந்தது. "வலது பக்கம்லா லைட்டு எரிஞ்சிச்சி, அதாம் இடது பக்கமா வந்தேன்" என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்ப அதையே சொன்னானாம். ஹவில்தார் ஸ்டேஷனுக்குப் போய், சுவிட்சை மாற்றிப் போட்டது தான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். லைசன்ஸை நிறுத்தி வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. வண்டி ஓட்டாத ஹவில்தாரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் பகலில் வண்டியை என் கடைக்குக் கொண்டுவந்தார். விபத்தில் கேபிள் இழுபட்டதில் சாக்கெட் ஆடிப் போயிருந்தது. எப்போதும் நிமிர்ந்து நிற்கிற மனிதர் அன்று ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரெண்டு வருசத்துல ஒருதபா கூட மாத்திப் போட்டதில்லம்மா. இந்தக் கை எப்டி தப்பு பண்ணுச்சின்னே தெரியல. வூட்ல உக்காந்து கூட சுவிட்சு போட்ற மாதிரி போட்டுப் போட்டுப் பாக்கறேன்."

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "வயசாவுதில்ல ஹவில்தார், விடுங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, எதிரே டீக்கடைக்கு நடந்து போனார்.

சாக்கெட்டைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினேன். இடது சிக்னலுக்கு நான் போட்ட மஞ்சள் ஒயர், வலதுக்கான ஓட்டையில் இருந்தது. எங்கள் கம்பெனியில் எந்தப் படமும் ஒயர் நுழையும் பக்கத்திலிருந்து பார்த்துப் போட்டதாகத்தான் இருக்கும். இந்த மூடியில் இருந்த படமோ முகத்துக்கு நேரே நின்று பார்த்துப் போட்டது. முகத்தில் இடப்பக்கம் இருப்பது, பின்னால் வந்து பார்த்தால் வலப்பக்கம். எர்த்தும் பின் விளக்கும் நடுக்கோட்டில் மேலும் கீழுமாக இருந்ததால் அவை மாறவில்லை. இடதும் வலதும் மட்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்திருந்தன. வண்டியின் சொந்த விளக்குகளுக்கு வேறு ஒயர் என்பதால் அவை சரியாகவே எரிந்திருக்கும், ஓட்டுபவருக்குத் தெரிய வழியே இல்லை. பையன் பொய் சொல்லவில்லை. ஹவில்தாரின் கையும் தப்புச் செய்யவில்லை. நான் ஓகே சொன்னேன் என்பதற்காக அந்த மனிதர் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

இரண்டு ஸ்க்ரூ. இரண்டைத் தளர்த்தி, ஒயரை மாற்றி முடுக்கினால் முடிந்தது. ஹவில்தார் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் ஆகிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை, அவரே தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கடை போட்டு ஒரு வருஷம் ஆகவில்லை, அந்தப் பொம்பளை போட்ட ஒயரில் ஆள் அடிபட்டான் என்று பரவினால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு சுற்று திருப்பியும் விட்டேன். இதை மறைப்பதில் எனக்குப் பெருமை இல்லை. எதிரே அவர் டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் இல்லாத சுவிட்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் திருப்ப முடியவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து நான்கு ஒயரையும் ஒரு சாண் விட்டு வெட்டினேன். சாக்கெட்டை அப்படியே தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து அவர் முன்னால் வைத்தேன்.

"லெஃப்ட்ல ரைட்டு ஒயர் கீது. ரைட்ல லெஃப்ட் ஒயர் கீது. மாட்டுனது நானு. அன்னிக்கு எது எரிஞ்சிதுன்னு நான் பாக்கவே இல்ல."

அவர் டம்ளரை வைத்துவிட்டு சாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. "இப்ப பாத்தத சொன்ன" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. தன் வலது கையை மட்டும் ஒரு தரம் விரித்து மூடினார்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பையனிடம் சொன்னேன். "சரிக்கா, நா பாத்தது நெசம்னு நீங்களாவது சொல்லுதியளே" என்று அழுதுவிட்டான். மறுநாள் ஸ்டேஷனிலும், பிறகு வண்டி இன்ஸ்பெக்டரிடமும் சாக்கெட்டை மேசைமேல் வைத்து, எது எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கிறது என்று காட்டினேன். ஹவில்தாரின் லைசன்ஸ் தப்பித்தது. எனக்கு வர வேண்டிய திட்டும் வழக்கும் எனக்கு வந்தன, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். இரண்டு பஸ் ஓனர்கள் வேண்டுமென்றே என் கடையைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது வாரம் ரெக்கவரி வண்டி கடை வாசலில் வந்து நின்றது, புது சாக்கெட்டோடு. "மாட்டும்மா" என்றார் ஹவில்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் மெல்லத் திரும்பி வந்தார்கள்.

ஹவில்தார் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். வண்டியை அவர் பிள்ளைகள் அந்த மணிமங்கலத்துத் தோட்டத்துக்காரரிடம் கொடுத்தார்கள். அதற்கு ஒயரிங் செய்யப் போன வாரம் என்னைத்தான் கூப்பிட்டார். ஓடப்போகிற வண்டி இல்லை, விளக்கு எரிந்தால் போதும் என்றார். அவரைக் கேபினில் உட்காரவைத்துவிட்டு, விளக்குப் பலகையைப் பின்னால் நிமிர்த்தி மாட்டி, அதற்கு நேரே நின்றேன். "ஓகேவா மேடம்?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "லெஃப்ட் எரியுது. விட்டு விட்டு எரியுது. ரைட்டு அணைஞ்சிருக்கு" என்று தோட்டமே கேட்கக் கத்தினேன். அவருக்கு நான் எதற்கு இப்படிக் கத்துகிறேன் என்று புரிந்திருக்காது.

அதன் பிறகுதான் கடைக்கு வந்து சாக்கெட்டைக் கேட்டார். வண்டியில் இப்போது இருப்பது அசல் இல்லை, இது அசல், சேர வேண்டிய இடத்தில் சேரட்டும் என்றார். நியாயம்தான்.

"இதுல லெஃப்ட் போட்டா ரைட்டு எரியும் சார்" என்றேன்.

அவர் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதுக்கென்ன, மாத்திக் கொடுங்க. ரெண்டு ஸ்க்ரூதானே?"

"ஆமா சார். ரெண்டே ரெண்டு ஸ்க்ரூதான்" என்றேன். சாக்கெட்டை அவர் கையிலிருந்து வாங்கி, காகிதங்களின் மேல் பழையபடி வைத்தேன்.