சூடம் அணைந்த அறை

1. கண்ணாடிப் பெட்டி

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அந்தியூர்ச் சந்தையில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினேன். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நின்றேன். பிறகு ஊர் ஊராக வெல்டிங் வேலை. எங்கும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் மட்டும் நான்கு வருடம் இருந்தேன்.

அந்த முதலாளிக்கு அறுபது வயதில் பேட்டரி ஆசை வந்தது. பழைய ஸ்டோர் ரூமை லேபாக மாற்றி, ஆராய்ச்சிப் படிப்பு முடித்த வித்யா என்ற அன்னூர்ப் பெண்ணை வேலைக்கு வைத்தார். லித்தியத்துக்குப் பதிலாகச் சோடியத்தில் ஓடும் பேட்டரி. அதற்கு வேண்டிய கரியை வித்யா தேங்காய்ச் சிரட்டையை, எங்கள் பக்கத்தில் தொட்டி என்போம், சுட்டு எடுத்தார். சட்டைப் பொத்தான் அளவில் செல் செய்து, வாரக்கணக்கில் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்ப்பார்.

"ஏனுங்க அம்மணி, எந்தோப்புத் தொட்டியில காரு ஓடுமா?" என்பார் முதலாளி.

"மொதல்ல கடிகாரம் ஓடட்டுங்க சார்."

சோடியத்துக்கு ஈரக் காற்று ஆகாது. அதனால் கையுறைகள் பொருத்திய பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள், குளோவ் பாக்ஸ் என்பார்கள், ஆர்கான் வாயுவை நிரப்பி அதற்குள்தான் வேலை. வெல்டிங்குக்குப் பிடிக்கும் அதே ஆர்கான். சிலிண்டர் பழக்கம் இருந்ததால் என்னை லேபுக்கு மாற்றினார்கள்.

முதல் நாள் வித்யா, சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினார்.

"இது ஆக்சிஜன் அலாரம்ணா. ஆர்கானுக்கு வாசமும் இல்ல, நெறமும் இல்ல. காத்தவிடக் கனம், தரையிலயே தேங்கும். மூச்சு முட்டுறதுகூடத் தெரியாது, அப்படியே விழுந்துருவோம். ரூம்ல கசிஞ்சா இதுதான் கத்தும். இத மட்டும் நிறுத்தாதீங்க."

எனக்கு அது தெரியும். ஒரு பால் கம்பெனி டேங்குக்குள் முருகேசன் என்பவனோடு ஆர்கான் வெல்டிங் செய்திருக்கிறேன். டீ குடித்துவிட்டு எனக்கு முன்னால் இறங்கினான். மேலிருந்து எட்டிப் பார்த்தபோது தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை, டேங்கைத் தட்டவில்லை. செத்துப்போயிருந்தான்.

இவ்வளவு தெரிந்தவன்தான் நான்.

2. ஓய்வு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எல்லா மிஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெயினை நிறுத்திவிடுவோம். பூஜை முடியும்வரை எதுவும் ஓடக்கூடாது. ஓடினால் குற்றம் என்பார்கள்.

வித்யா மத்தியானமே ஊருக்குக் கிளம்பினார். கண்ணாடிப் பெட்டிக்குள் காற்று நுழையாமல் இருக்க ஆர்கானைத் திறந்தே வைக்கச் சொன்னார். போகும்முன் தீப்பிடிக்கும் திரவங்களையெல்லாம் வேறு கட்டடத்துக்கு மாற்றினார். "சூடம் காட்டாம என்ன பூசை அம்மணி?" என்று முதலாளி பிடிவாதம் பிடித்ததால்தான்.

வித்யா போன பிறகு சிலிண்டர் மாற்றினேன். மாற்றினால் ஓஸ் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பூஜைக்காகத் துடைத்த தரை நனையுமே என்று அன்று பார்க்கவில்லை.

சாயங்காலம் முதலாளி கேட்டார். "ஏப்பா ரங்கா, எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுங்க."

லேபுக்கு வெளியே இருந்த மெயினையும் அமத்தியிருந்தேன். ஏசி நின்றது, எக்ஸாஸ்ட் நின்றது, அலாரமும் நின்றது. அந்த வெள்ளைப் பெட்டிக்குச் சந்தனம் வைத்தபோது, இதுவும் வருடம் முழுக்க ஓடியதுதானே, ஒரு நாள் ஓயட்டும் என்று நினைத்தேன். வித்யா சொன்னது நினைவில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் யாரும் வேலை செய்யப் போவதில்லையே, அதனால் ஆபத்தில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

3. தட்டு

காலையில் வித்யா பட்டுப்புடவையில், கோலப்பொடி டப்பாவோடு வந்தார். "நீங்க லேத்துப் பக்கம் முடிச்சுட்டு வாங்கண்ணா. நான் கோலம் போட்டு வெக்கறேன்." தூசி வரும் என்று வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவின் ஓரமெல்லாம் ரப்பர்.

லேத், டிரில்லிங், வைண்டிங் மிஷின் என்று ஒவ்வொன்றாகச் சூடம் காட்டி லேபுக்கு வந்தோம். முதலாளி கதவைத் திறந்தார். கோலம் பாதியில் நின்றது. வித்யா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பாரு, அம்மணி அசந்து தூங்குது. விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சிருக்குமாட்ட இருக்குது." முதலாளி சிரித்துக்கொண்டே குனிந்து, கோலத்துக்கு நேராகத் தட்டை இறக்கினார். சூடம் சுருங்கி அணைந்தது.

காற்று வீசவே இல்லை. லேத் ஓட்டும் ஆறுமுகம் பின்னாலிருந்து, "சகுனம் செரியில்லீங்க" என்றான்.

"வாய மூடுறா." முதலாளி மறுபடி பற்றவைத்து இறக்கினார். மறுபடியும் அணைந்தது. அவர் சாமிக்குப் பயந்தார். நான் வித்யாவின் தலையைப் பார்த்தேன். முருகேசனின் தலை சாய்ந்த அதே கோணம்.

முதலாளியின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். தட்டு விழுந்து உருண்டது. "ஆருமே உள்ள போகாதீங்க!" என்று கத்திக்கொண்டே மெயினைப் போட்டேன். எக்ஸாஸ்ட் ஓடத் தொடங்கியது. குங்குமப் பொட்டோடு இருந்த அந்தப் பெட்டி வீறிட்டு அலறியது.

மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். நாலு எட்டுதான். கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். புடவை கதவில் மாட்டிக்கொண்டது, கிழித்துப்போட்டு இழுத்தேன். வெளியே கிடத்தியபோது உதடு நீலமாக இருந்தது.

"கண்ணு, கண்ணத் தொற சாமி," என்று முதலாளி தரையில் உட்கார்ந்து அழுதார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வித்யாவின் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போட்டது. பிறகு இருமல் வந்தது.

4. கத்தாத பெட்டி

ஆஸ்பத்திரி வராண்டாவில் முதலாளி சொன்னார். "சூடம் காட்டிக் குடுத்துருச்சு. ஏதோ தெய்வக் குத்தம். பரிகாரம் பண்ணிப்போடலாம்." ஆறுமுகம் தலையாட்டினான். நானும் தலையாட்டியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

"தெய்வக் குத்தம் இல்லீங்க. சிலிண்டர் மாத்தி டெஸ்ட் பண்ணாம உட்டது நாந்தான். ராத்திரி பூராம் ஆர்கான் கசிஞ்சிருக்குது. அலாரத்த அமத்துனதும் நாந்தானுங்க."

"ஓய்வு குடுக்கச் சொன்னது நாந்தானப்பா," என்றார் முதலாளி.

மறுநாள் வித்யா பேசும் நிலைக்கு வந்ததும் அவரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "லேசா தலை சுத்துச்சுண்ணா. அலாரம் கத்தலையே, ஒண்ணுமில்லன்னு உக்காந்துட்டேன்," என்றார். அதைக் கேட்ட பிறகு பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். நான் உள்ளே ஓடியதைப் பார்த்து நீங்களும் ஓடாதீர்கள். தூக்கப் போனவனும் சேர்ந்து விழுவதுதான் வழக்கம். நான் தப்பியது நாலு எட்டுத் தூரம் என்பதால்தான். இன்னொன்று, பூஜைக்கு எதை வேண்டுமானாலும் நிறுத்துங்கள், அலாரத்துக்கு மட்டும் ஓடும்போதே பொட்டு வையுங்கள். அடுத்த வருடம் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இப்போது நான் வேறு ஊரில், வேறு லேபில் இருக்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று, கையை மட்டும் நீட்டி அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறேன். காது கிழிகிற சத்தம். கூட வேலை செய்கிறவர்கள் திட்டுகிறார்கள். அது கத்தி முடித்த பிறகுதான் உள்ளே கால் வைக்கிறேன்.