பசுமலை பஸ்ஸுக்கு நேர்ந்த பொங்கல்

என் வீட்டம்மாவுக்குப் பசுமலையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. நாங்கள் இருப்பது விளாங்குடி. பெரியார் நிலையத்துக்குப் போய், இறங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சேர்வதற்குள் பெல் அடித்துவிடும். மூன்று நாள் தாமதமானால் ஒரு நாள் லீவைக் கழிப்பார்கள். கழித்துக் கழித்து மிச்சம் ஒரே ஒரு நாள். அதைத் தன் தம்பி மகள் காதுகுத்துக்கு வைத்திருந்தாள். அதற்குப் பிறகும் இரண்டு தாமதம் விழுந்திருந்தது. இன்னொன்று என்றால் அதுவும் போய்விடும்.

தெருக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தோம். காளவாசல் வழியாக நேரே பசுமலைக்குக் காலையில் ஒரு பஸ் விடுவதாகப் பதில் வந்தது. ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பார்களாம். நிறுத்தத்தில் ஒருவர் நின்று ஏறுகிறவர்களை எண்ணுவாராம். ஆள் ஏறினால் பஸ் நிலைக்கும்.

நான் பத்தாவதோடு மாவு மில்லுக்கு வந்தவன். எனக்குத் திட்டம் போடத் தெரியாது, வேண்டிக்கொள்ளத் தெரியும். பஸ் வந்தால் முதல் நாளே சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன் என்று நிறுத்தத்தை ஒட்டியிருக்கும் பிள்ளையாரிடம் சொல்லியிருந்தேன். மில்லுக்கு வந்தவர்களையெல்லாம், "காலையில ஸ்டாப்புக்கு வந்துருங்க, பொங்கல் இருக்கு" என்று கூப்பிட்டேன். பஸ்ஸைப் பற்றியும் சொன்னதாகத்தான் ஞாபகம்.

மறுநாள் தெருவே திரண்டிருந்தது. அட்டையும் பேனாவுமாக எண்ண வந்தவர் அசந்துபோனார்.

"எம்புட்டுக் கூட்டம்ணே. எல்லாம் பஸ்ஸுக்கா?"

"பின்ன?" என்றேன்.

வீட்டம்மா கையில் கரண்டியைக் கொடுத்தேன். "ஏங்க, பஸ்ஸு வந்துரும்" என்றாள்.

"வந்தா நிக்காமயா போகும்? நம்ம பிள்ளையார் பஸ்ஸு. நீ போடு, நான் தொன்னைய எடுத்துத் தாரேன்."

பஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. அதை எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"பசுமலை ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

"வாங்கிட்டு வாரேண்ணே" என்றார் வரிசையில் முதலில் நின்றவர். அவரை விட்டு ஏற இரண்டாமவருக்கு மனமில்லை. பிரசாத வரிசையில் ஒருமுறை விலகினால் திரும்ப யார் இடம் விடுவார்கள்? நானும் சும்மா இராமல் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஜன்னல் வழியே ஆளுக்கொரு தொன்னை நீட்டினேன். அவர்கள் பக்தியாகச் சாப்பிட்டு, கை கழுவி, விசில் கொடுத்துக் கிளம்பிவிட்டார்கள். ஏறினவர்கள் இரண்டே பேர். இருவருக்கும் சுகர். வீட்டம்மா கரண்டியோடு பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எண்ண வந்தவர் விரலை நக்கிவிட்டு, இரண்டு என்று எழுதினார்.

"கொஞ்சம் பாத்து எழுதுங்கண்ணே."

"தின்னவுகள எழுதக் கட்டம் இல்லண்ணே."

வீட்டம்மா கரண்டியை என் கையில் வைத்தாள். "காதுகுத்துக்கு அத்தை மொறைக்கு நீங்களே போயி நில்லுங்க" என்றவள் ஷேர் ஆட்டோவுக்கு ஓடினாள். அன்று அவள் கும்பிட்ட சாமி எதுவோ, பள்ளிக்கூடத்தில் பெல் அடிப்பவரும் டிராபிக்கில் மாட்டியிருந்தார். தாமதம் விழவில்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போட்டேன். சாயங்காலம் மில்லுக்கு வந்தவர்களிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அது பஸ்ஸுக்கு நேர்ந்த பொங்கல். சாப்பிட்டவுக ஏறாட்டி சாமிகிட்ட நான் என்ன சொல்லன்னு தெரியல."

மறுநாள், பொங்கல் சாப்பிட்டிருந்த அத்தனை பேரும் ஏறினார்கள். செல்லூரில் தறி ஓட்டுகிறவருக்கு வேலை வேறு திசையில். அவரும் காளவாசல் வரை போய் இறங்கி, அங்கிருந்து செல்லூருக்கு ஓடினார். வாரம் முழுக்க இப்படியே நடந்தது. எண்ண வந்தவர் அடுத்த தாள் கேட்டு வாங்கினார்.

பஸ் நிலைத்துவிட்டது. வீட்டம்மா காதுகுத்துக்குப் போய் வந்தாள். ஆனால் பஸ்ஸில் இப்போது அம்புட்டுக் கூட்டம். பசுமலை வரை நின்றுகொண்டேதான் போகிறாள்.

"உக்கார எடம் கிடைக்கணும்னு வேண்டிக்கவா?" என்று கேட்டேன்.

"வேணாங்க" என்றாள். "நான் நின்னுக்கிட்டே போறேன்."