மாஸ்டரின் காரை ஓட்டிப் பார்த்த காலை

நேற்று கொழும்பில் ஒரு கராஜில் என் காரின் பொனட்டைத் திறந்தபோது, சூடான பழைய ஒயிலின் வாசம் முகத்தில் அடித்தது. பொனட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

கல்முனைக் கடலோரத்தில் இருந்த வாப்பாவின் கராஜில் எந்நேரமும் அந்த வாசமும், தகரக் கூரையில் காற்று மணலை இறைக்கும் சத்தமும், அதற்கப்பால் கடலின் இரைச்சலும் இருக்கும். எனக்கு ஒன்பது வயதான அந்த மார்கழி ஞாயிறு காலை, சம்மாந்துறைப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் புகை கக்கும் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். வாப்பா எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் வாயில் ஒரு கடதாசியை வைத்தார். உள்ளே இழுபட வேண்டிய கடதாசி மேலெழும்பிப் பறந்தது.

"காத்துப் போற குழாய் அடைச்சிருக்கு மாஸ்டர். அதான் ஒயிலைத் தள்ளிப் புகையுது."

கரி பிடித்த குழாயையும் வால்வையும் கழுவிப் பூட்டிவிட்டு, "ஓட்டிப் பாத்துட்டு வாறன், இரிங்க" என்றார். மாஸ்டர் பிளேன்டிக் கோப்பையோடு கராஜ் வாங்கில் அமர்ந்தார். நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வயல் பக்கம் போய்த் திரும்பும்போது, "கடல் ஊருக்குள்ள வந்துட்டு" என்று கத்திக்கொண்டு சனம் எதிரே ஓடிவந்தது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால், கராஜ் இருந்த இடத்தில் ஈரமான சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. மாஸ்டரைப் பின்னேரம்வரை தேடினோம்; கிடைக்கவில்லை. பிறகு வாப்பா காரைச் சம்மாந்துறைக்கு, மாஸ்டரின் வீட்டுக்கு ஓட்டினார்.

கார்ச் சத்தம் கேட்டு, "அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டாரு" என்றபடி மாஸ்டரின் மனைவி ஓடிவந்தார். முன்னால் வாப்பா மட்டும் இருப்பதைக் கண்டு பின்கதவைத் திறந்தார்.

"அவரு பின்னால வாறாரா மகள்?"

"ஓம்" என்று தலையாட்டினேன்.