லீவு நாள் தலைவலி

அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினை ஓட்டுகிறவர் அவர். வேலைக்குப் போகிற நாளெல்லாம் ஆள் சிங்கம். லீவு நாளில் மட்டும் வெயில் ஏறினால் போதும், நெற்றியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிடுவார்.

பழி முழுக்க மனைவியின் தையல் மெஷின்மேல். "கடகடன்னு அது ஓடினா மண்டை பிளக்குதே!" அவளுக்கோ அளவு கொடுக்க ஆட்கள் வருவதே அந்த நாளில்தான். மெஷினைச் சமையலறைக்கு மாற்றிப் பார்த்தாள். அடியில் பழைய கம்பளியை விரித்துப் பார்த்தாள். கடைசியில் ஓட்டாமலே இருந்தும் பார்த்தாள். அப்போதும் வலித்தது. "நேத்து ஓடின சத்தம் இன்னும் காதுல நிக்குது" என்றார் மனுஷர். நேற்றைய சத்தத்துக்குக் கம்பளி விரிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

அவள் சண்டை போடவில்லை. "மெஷினைத் தங்கச்சி வீட்டுல போட்டுடறேன். உங்க லீவு நாள்ல நான் அங்க இருந்துக்கறேன்" என்றாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். ஆனாலும் வீம்பு, சரியென்று தலையை ஆட்டிவைத்தார்.

அந்த வாரமே அச்சகத்துக் காபி மெஷின் மண்டையைப் போட்டது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அதன் கீழே கோப்பையை நீட்டிக்கொண்டே இருக்கிறவர் அவர். வீட்டில் காலையில் ஒன்று, அதோடு சரி. அவள் காபி குடிக்காதவள். இப்போது அச்சகத்திலேயே, மதியத்துக்குள் அதே நெற்றி, அதே வலி.

"தையல் மெஷினே இல்லாத இடத்துல எப்படிய்யா வலிக்குது?" என்று புத்தகம் தைக்கும் பைண்டரிடம் புலம்பினார்.

பைண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "காபி இல்லேல்ல, அதான். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. உடம்பு பழகிடுச்சுண்ணே, கிடைக்கலைன்னா படுத்தி எடுத்துடும்."

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போனால், மெஷினைக் கழற்றி வாசலில் வைத்திருந்தாள்.

"கொண்டு போகாதே. குத்தம் இதுமேல இல்ல, என்மேல. தலை காபிக்கு ஏங்கி அழுதிருக்கு, நான் உன்னைத் திட்டியிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. "உங்களால, துணி குடுத்தவங்க எத்தனை பேர்கிட்ட பேச்சு வாங்கினேன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் பிடித்திருந்த மெஷினின் மறுபக்கத்தைத் தூக்கினாள்.

மறுநாளே வீராப்பாகக் காபியை அடியோடு நிறுத்தி, தலைவலியில் சுருண்டு படுத்தார். "ஒரேயடியா விடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க" என்று மருந்துக் கடைக்காரம்மா கடிந்துகொண்ட பிறகுதான் வழிக்கு வந்தார். கோப்பைகள் குறைந்தன, பிறகு கோப்பையே பாதியானது. லீவு நாளிலும் அதே அளவு. நடுவில் எரிந்து விழுந்ததும் உண்டு. அப்போதெல்லாம் அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

இப்போது லீவு நாளில் சாப்பிட்டதும் மெஷின் பக்கத்திலேயே குறட்டை. ஒரு நாள் நூல் தீர்ந்து மெஷின் நின்றது. அவர் திடுக்கிட்டு எழுந்தார்.

"என்ன, தலை வலிக்குதா?"

"இல்ல, சத்தத்தையே காணோம். நீ தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிட்டியோன்னு பயந்துட்டேன்."