அண்ணனுக்குப் பதிலாக என் பெயர்

போன வருஷம் ஆடி மாதம். வல்லத்திராக்கோட்டை பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு, என் பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு போலீஸ்காரர் வந்தார். நான் நர்ஸ். புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, வளைகுடா நாட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தேர்வாகியிருந்தேன். இரண்டு மாதத்துக்குள் பாஸ்போர்ட் நகலை அனுப்பாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "ஒங்க பேர்ல ஒரு கேஸ் பெண்டிங்ல இருக்குதும்மா. நீங்க பாரத்துல இல்லன்னு போட்டிருக்கீங்க."

எனக்குச் சட்டென்று மண்டையில் ஏறவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புழங்குகிற இங்கிலீஷ் வார்த்தைகளில் பாதி எங்கள் வார்டிலும் புழங்கும். கேஸ் என்றால் எங்களுக்கு நோயாளி. கம்ப்ளைண்ட் என்றால் வயிற்று வலி. அரெஸ்ட் என்று யாராவது கத்தினால், யாருக்கோ இதயம் நின்றுவிட்டது என்று நெஞ்சை அமுக்க ஓடுவோம். டிஸ்சார்ஜ் என்றால் மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்குப் போகலாம். அந்த நினைப்பிலேயே, "ஊசி போட்டதத் தவிர நான் யாரையும் ஒண்ணும் பண்ணலீங்களே சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, எந்த வருஷத்துக் கேஸ் என்று சொன்னார். அப்போதுதான் எனக்கு அந்தத் திருவிழா ஞாபகம் வந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், கோயில் திருவிழாவில் சாமி எந்தத் தெரு வழியாக முதலில் போவது என்று எங்கள் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் தகராறு. கைகலப்பு ஆகும் முன்பே போலீஸ் வந்துவிட்டது. சமாதானக் கூட்டம் போட்டு, பக்கத்துக்குப் பத்துப் பேர் அமைதியாக இருப்போம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் பெயர் எழுதியவர் என் சித்தப்பா. என் அண்ணனுக்கு விசா வந்திருந்த சமயம் அது. மற்ற வீட்டுப் பையன்களும் ஆளுக்கொரு பரீட்சை, வேலை என்று நின்றார்கள். அவர்கள் பெயரில் கறை படக்கூடாது என்று, வீட்டுக்கு ஒரு பெண் பெயரை எழுதினார் சித்தப்பா. "பொம்பளப் பேர்ல போட்டா ஒண்ணும் வராது. இவளுக என்ன பாஸ்போர்ட்டா எடுக்கப் போறாளுக?" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் பெயருக்குப் பதிலாக என் பெயர்.

அதில் என் பங்கும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. அன்றைக்குச் சமாதானக் கூட்டம் நடந்த ஹாலில் இருந்த பெண்களில் நர்சிங் படித்துவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான். தாள் முழுக்க இங்கிலீஷ். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மேலே இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, பெரிய வக்கீல் மாதிரி, "சண்டை போடமாட்டோம்னு ஒரு பாண்ட், அவ்வளவுதான். தைரியமாப் போடுங்க" என்றேன். எல்லாரும் போட்டார்கள். அடுத்து எந்தத் தேதியில் ஆஜராக வேண்டும் என்று கடைசி வரியில் இருந்ததை நான் படிக்கவே இல்லை. திருவிழா முடிந்ததும் கேஸும் முடிந்தது என்று ஊரே நினைத்துக்கொண்டது.

"இருக்கறதத்தான் நான் எழுத முடியும்" என்றார் போலீஸ்காரர். "முடிஞ்சிருச்சுன்னு ஆர்டர் காப்பி கொண்டாங்க, அதையும் சேத்து அனுப்புறேன்."

சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அசரவே இல்லை. வெளியூரில் தெரிந்தவர் வீட்டு முகவரியைக் கொடுத்து இன்னொரு விண்ணப்பம் போடலாம் என்றார். "இன்னொரு பொய்ய எந் தலையில ஏத்தாதீங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டால், "அப்ப இதெல்லாம் யாரு நெனச்சா?" என்றான். ஆமாம், யாரும் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எட்டு வருஷம் நைட் டியூட்டி பார்த்துச் சம்பாதித்த என் அனுபவத்தை ஒரு பழைய கையெழுத்து விழுங்கிவிட நான் விடப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அந்தக் கேஸ் ஃபைல் இருந்த தாலுகா ஆபீஸுக்குப் போனேன். நாலாவது நாள்தான் ஃபைல் கிடைத்தது. அங்கே இருந்த ஊழியர் அம்மா தூசியைத் தட்டிப் பிரித்தார். மூன்று முறை கூப்பிட்டும் ஒருத்தரும் வரவில்லை என்று எழுதியிருந்தது. பெயர்களை எண்ணினேன். இருபது பேரில் பதினாறு பேர் பெண்கள். மேலத்தெருவிலும் அதே தந்திரத்தைத்தான் செய்திருக்கிறார்கள்! சாமி போகிற வழியில் ஒத்துப்போகாத இரண்டு தெருவும் இதில் மட்டும் எப்படி ஒத்துப்போனது என்று சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் நேர்ல வந்து, தகராறு இல்லன்னு எழுதிக் குடுக்கணும். ஒரு பக்கம் மட்டும் வந்தா ஆகாதும்மா" என்றார் அந்த அம்மா.

அந்தத் திருவிழாவுக்குப் பிறகு இரண்டு தெருவுக்கும் போக்குவரத்தே இல்லை. கல்யாணத்துக்குக்கூடப் பத்திரிகை வைப்பதில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நான் மேலத்தெருவுக்குள் நடந்தேன். முதல் வீட்டில் ஒரு பெண் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தலையைத் தூக்கிப் பார்த்தவள், "நீதான அன்னைக்குத் தாளப் படிச்சுச் சொன்னவ?" என்றாள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். அவள் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்திலும் தேறியிருக்கிறாள். கடைசியில் பின்னணி விசாரணையில் இந்தக் கேஸைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். வீட்டில், விதி என்று சொல்லித் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது வயது வரம்பும் தாண்டிவிட்டது.

"ரெண்டு வருசம் கிரவுண்டுல ஓடுனேன். நீ சொன்னத நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டபோதே அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் தைத்த துணியை மிஷினிலிருந்து எடுத்து, நூலை நறுக்கிவிட்டு, "எப்பப் போகணும்?" என்றாள்.

உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தாள். பரீட்சைக்குத் தயாரானபோது போலீஸ், கோர்ட் சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் வார்த்தைகளை எல்லாம் அர்த்தத்தோடு எழுதி வைத்த நோட்டு. அக்யூஸ்டு என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். கன்விக்டட் என்றால் குற்றம் நிரூபணமானவர். "இந்த ரெண்டுக்கும் எம்புட்டுத் தூரம் பாத்தியா? எங்க வீட்ல ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டாக" என்றாள். நான் எழுதிய மனுவை வாங்கி, ஒவ்வொரு வரியாக நாலு தடவை படித்து, இரண்டு இடத்தில் திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அவளும் நானும் ஐந்து நாள் வீடு வீடாக ஏறி இறங்கினோம். இருபது பேரில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். சில வீட்டில் புருஷனைக் கேட்க வேண்டும் என்றார்கள். "பேரக் குடுக்கும்போது ஒங்களக் கேட்டாகளா அத்தாச்சி?" என்று அவள் ஒரே கேள்வியில் முடித்துவிடுவாள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திறக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் திறந்தது.

ஆஜராகும் நாளன்று எல்லாரும் ஒரே டவுன் பஸ்ஸில் போனோம். கீழத்தெரு முன்னால், மேலத்தெரு பின்னால். இறங்கும்போது ஒருவர் பையை ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸில் ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஒவ்வொருத்தியும் "இருக்கேங்க" என்று எழுந்து நின்றாள். அந்த இருபது பெயரில் இருந்த நாலு ஆண்களில் சித்தப்பாவும் ஒருவர். கடைசியாக டூவீலரில் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாளில் கேஸ் முடிந்ததாக உத்தரவு வந்தது. பாரத்தில் தெரியாமல் 'இல்லை' என்று போட்டுவிட்டேன் என்று விளக்கமும் எழுதி, காப்பியோடு போலீஸ்காரரிடம் கொடுத்தேன். கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் கைக்கு வந்தது. தைக்கிற அக்காவும் தனக்கென்று ஒரு காப்பி கேட்டு வாங்கினாள். அதை வைத்து இனி எந்த வேலைக்கும் போக முடியாது என்று அவளுக்கும் தெரியும். "எம் மகளுக்குக் காட்டணும். ஒங்க ஆத்தா மேல ஒரு கேசும் இல்லன்னு" என்றாள்.

இப்போது நான் அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்குவது என் வேலைகளில் ஒன்று. நம்மூர்க்காரர்கள் யாராவது, "நீங்களே சொல்லுங்க சிஸ்டர், எங்க போடணும்?" என்று பேனாவை எடுத்தால் நான் விடுவதில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தமிழில் சொல்லி, கேள்வி கேட்கவைத்து, அதற்குப் பிறகுதான் தாளை நீட்டுவேன். நேரமாகிறது என்று மேலே உள்ளவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், கோபித்துக்கொள்ளட்டும். நான் அவசரமாகப் படித்த இரண்டு வரிக்கு விலையாக ஒருத்தி தன் காக்கிச் சட்டையையே கொடுத்திருக்கிறாள்.